கையெழுத்து முதலில், எண் பிறகு

மின்ஸ்க்
7 ஆகஸ்ட் 2020, வெள்ளி

லீலியா காசிமிரவ்னாவுக்கு,

செய்தி வந்தது மே 12, செவ்வாய்க்கிழமை, காலை 11 மணி 5 நிமிடம். மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் பேசினார். "ரெகினாவோட கணவரா?" என்றார். ஆமாம் என்றேன். "பத்தேகாலுக்கு முடிஞ்சிருச்சு. துணி கொண்டாங்க" என்றார். 11.07க்கு உங்களுக்கு அடித்தேன். உங்கள் போன் அணைந்திருந்தது. 11.09, 11.15, 11.30. அப்படியேதான் இருந்தது. இரண்டு மணிக்கு நீங்களே கூப்பிட்டு, "தேர்தல் கூட்டத்துல இருந்தேன். என்ன விஷயம்?" என்று கேட்டீர்கள்.

உங்கள் மகள் இறந்ததை உங்களிடம் சொல்ல நான் இரண்டு மணி ஐம்பத்து மூன்று நிமிடம் காத்திருந்தேன். இதை இதுவரை சொன்னதில்லை. நேற்று நடந்ததற்குப் பிறகு சொல்லலாம் என்று தோன்றியது.

வாக்குச்சாவடி வைத்திருக்கும் உங்கள் பள்ளி வாசலில் நான் மடக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தது உங்களை அவமானப்படுத்துவதற்காக அல்ல. மூன்று மாதமாக எனக்கு எதுவும் ஓடவில்லை. வேலைக்குப் போகிறேன், திரையைப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். சாப்பிட்டேனா என்று கேட்டால் தட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணுவது மட்டும்தான் இன்னும் முடிகிறது. முன்கூட்டி வாக்குப்பதிவு ஐந்து நாள். நான் லீவு போட்டு வந்து மூன்று நாள் எண்ணினேன். உள்ளே போனவர்கள் செவ்வாய் 43, புதன் 37, வியாழன் 52. நீங்கள் கதவில் ஒட்டிய தாளில் இருந்தது 131, 126, 148.

பார்வையாளராக உள்ளே விடவில்லை. கொரோனாத் தொற்று பரவுமாம். ரெகினாவின் இறப்புச் சான்றிதழில் அந்தத் தொற்றின் பெயரே கிடையாது. வாசலில் என்னைத் தடுக்க மட்டும் அது இருக்கிறது.

நேற்று மாலை வாக்குப்பதிவு முடிந்து தாளை ஒட்டியதும், போலீஸ்காரனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தீர்கள். அவன் உங்கள் பழைய மாணவன்தான். பாவம், என் முகத்தைப் பார்க்க முடியாமல், "எந்திரிங்கண்ணே, ஸ்டூலை நானே மடிச்சுத் தரேன்" என்றான். நீங்கள் அதுகூடச் சொல்லவில்லை. "ஊர் போய்ச் சேரு, இக்னாத்" என்றீர்கள், பின்வரிசைப் பையனை வகுப்பைவிட்டு அனுப்புகிற மாதிரி.

2015 தேர்தலில் ரெகினா உங்கள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். உங்கள் வாக்குச்சாவடிக் குழுவிலும் இருந்தாள். முடிவுத் தாளில் எண்ணே எழுதாமல், முதல் நாளே ஏழு பேரிடமும் கையெழுத்து வாங்கினீர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். "கையெழுத்து என்னோடது. அதுக்கு மேல இருந்த எண் யாரோடதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது." மின்ஸ்கில் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போன பிறகு, ஒவ்வொரு அறிக்கையிலும் எண்ணை மூன்று முறை சரிபார்த்துத்தான் கையெழுத்துப் போடுவாள். ஏன் என்று உங்களுக்குத் தெரியட்டும்.

போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டீர்கள். இதை மினிபஸ் ஓட்டுகிற ஸ்த்யோபாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

இக்னாத்


ஸரேச்சா
8 ஆகஸ்ட், சனி, காலை

இக்னாத்,

ஸ்த்யோபா கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "பதில் உண்டா, நிக்கணுமா?" என்று வாசலிலேயே நின்றான். போய்விட்டுப் பத்து மணிக்கு வா என்றேன்.

போனை அணைத்தது உண்மை. மாவட்ட அலுவலகத்தில் தேர்தல் கூட்டம் என்றால் வாசலிலேயே எல்லோருடைய போனையும் அணைக்கச் சொல்லி ஒரு கூடையில் வாங்கிப் போடுவார்கள். உள்ளே என்ன சொல்லப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் வாங்குவார்கள். முப்பது தலைமை ஆசிரியர்களின் போன்கள், சந்தையில் விற்க வைத்த மீன் மாதிரி கிடந்தன. அதில் ஒன்றை நீ நாலு முறை தட்டியிருக்கிறாய். எனக்கு நாலு என்பது இன்றுதான் தெரியும். அன்றிலிருந்து என் போனை நான் அணைத்ததே இல்லை. இனி யார் கூப்பிடப் போகிறார்கள் என்று கேட்காதே.

போலீஸைக் கூப்பிட்டது நான்தான். உன்னைக் காப்பாற்றத்தான் கூப்பிட்டேன் என்று கதை சொல்ல மாட்டேன். பயந்தேன். என் பள்ளியில் முப்பத்து நாலு பேர் வேலை செய்கிறார்கள். எல்லோருக்கும் ஒரு வருட ஒப்பந்தம். ஆகஸ்ட் முடிவில் நீட்டினால் உண்டு, நீட்டாவிட்டால் இல்லை. மாவட்டத்துக்காரர் புதன்கிழமை வந்து, "உங்க வாசல்ல யாரு அது, காக்கா மாதிரி உக்காந்திருக்கான்?" என்று கேட்டார். என் மருமகன் என்று சொல்ல வாய் வரவில்லை. இது உன் ஸ்டூலை விடப் பெரிய அவமானம். அதையும் எழுதிக்கொள்.

இன்னொன்றும் கேள். நீ மூன்று நாள் உட்கார்ந்தாய். நான் முப்பத்தொரு வருடமாக இந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருக்கிறேன். இருபத்தாறு வருடமாக ஒரே ஆள் ஜனாதிபதி. வகுப்பறைச் சுவரில் அவர் படம் மாறவில்லை. சட்டம்தான் மூன்று முறை மாறியது. வெளியே உட்கார்ந்து எண்ணுவது சுலபம்.

உன் நோட்டுப் புத்தகத்தைப் படியில் விட்டுப் போனாய். என்னிடம் இருக்கிறது.

இன்று மாலை குழுவினர் ஏழு பேரும் தேநீருக்கு வருகிறோம். எதற்கு என்று உனக்குத் தெரியும். ஸ்தாசியா பள்ளிச் சமையலறையில் பாப்பி விதை பன் சுடுகிறாள், வாசனை இங்கே வரை வருகிறது.

ஒன்று கேட்கலாமா? அவள் கடைசியாக உன்னிடம் என்ன சொன்னாள்? சவப்பெட்டியைத் திறக்க விடவில்லை. இதையாவது சொல்.

லீ. கா.


மின்ஸ்க்
10 ஆகஸ்ட், திங்கள்

லீலியா காசிமிரவ்னாவுக்கு,

உங்கள் சாவடியில் என்ன நடந்தது என்று தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. நாடு முழுவதும் இணையம் இல்லை. காலையில் தொலைக்காட்சியில் எண்பது சதவீதம் என்று சொன்னார்கள். பால் கடை வரிசையில் ஒரு கிழவர், "என் வீட்டுல நாலு ஓட்டு. எண்பது சதவீதம்னா நாங்க நாலு பேரும் எந்த நாட்டுல இருக்கோம்?" என்று கேட்டார்.  யாரும் வரிசையை விட்டுப் போகவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இணையத்தை மூடியவர்களில் நானும் ஒருவன்.

நேற்று எங்கள் இணையச் சேவை நிறுவனத்தில் கூப்பிட்டால் ஓட வேண்டியவன் நான். ஞாயிறு மதியம் 12.25க்குப் போன் வந்தது. மேலாளர் பேசினார். "மேலேருந்து வந்திருக்கு, இக்னாத். நீ ஒண்ணும் யோசிக்காத, அடிச்சு விட்டுரு." நான் யோசிக்கவில்லை. மே மாதத்திலிருந்து நான் எதையுமே யோசிப்பதில்லை. ஒரு வரிக் கட்டளை. அடித்தேன். திரையில் பச்சையாக இருந்த கோடு கீழே வந்து தரையோடு படுத்தது. மருத்துவமனைக் கருவியில் இப்படி ஒரு கோடு படுத்திருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோதும் உள்ளே எதுவும் அசையவில்லை. பிறகு கை கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

உங்களைக் கையெழுத்துக்காகத் திட்டி எழுதிய இரண்டாவது நாள் இதைச் செய்தேன். அந்த வரிக்குக் கீழே என் பெயர் பதிவாகியிருக்கிறது. எங்கள் தொழிலில் அதுதான் கையெழுத்து.

நீங்கள் கேட்டதற்குப் பதில். மே 11 மாலை 6.20க்கு எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள். பதினாலு விநாடி. "இக்கா, நீள வயர் இருக்கிற சார்ஜரைக் கொண்டா. இங்க பிளக் கதவுகிட்ட இருக்கு, வயர் கட்டில் வரைக்கும் எட்டல. அம்மாகிட்ட எதுவும் சொல்லாத, பயந்துரும்." நடுவே இரண்டு முறை மூச்சு வாங்குகிறாள். காலையில் சார்ஜருடன் வாசலில் நின்றேன். வாங்கி உள்ளே கொடுக்கிறேன் என்று காவலாளி சொன்னார். கொடுத்தாரா தெரியாது.

அவ்வளவுதான். பெரிதாக எதுவும் சொல்லவில்லை.

இக்னாத்


ஸரேச்சா
12 ஆகஸ்ட், புதன்

இக்னாத்,

சார்ஜர். நான் வேறு என்னென்னவோ நினைத்துவைத்திருந்தேன். ஆனால் அவள்தான் அது. பதினாலு விநாடிக்குள் ஒரு வேலை சொல்லி, ஒரு ரகசியமும் காக்கச் சொல்லி, என்னைக் கோழை என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

இனி நான் சொல்வதைக் கேள். வரிசையாகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை மாலை ஏழு பேரும் தேநீருக்கு உட்கார்ந்தோம். முடிவுத் தாள் நாலு பிரதி. எண்களுக்கான கட்டங்கள் காலி. வழக்கம்போல எல்லோரும் நாலிலும் கையெழுத்துப் போட்டார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் லியோன்யா பன்னைத் தின்றுகொண்டே, "எண்ணை மேல இருக்கறவங்க பாத்துப்பாங்க, நமக்குப் பன் போதும்" என்றான். எல்லோரும் சிரித்தோம். இருபது வருடமாக இதே ஜோக். கடைசியாக நான் கையெழுத்துப் போட்டேன். போடும்போது உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மூன்று நாள் கதவில் ஒட்டிய எண், மாவட்டம் போனில் சொன்ன எண். அந்த எண்ணுக்கு ஏற்ற சீட்டுகளைப் பெட்டிக்குள் போடும் வேலையைச் சனிக்கிழமை ஆறு மணிக்கு வைத்திருந்தோம். அது எப்போதும் லியோன்யாவின் வேலை. வந்து பெட்டி இருந்த அறையின் சாவியைக் கேட்டான்.

"தொலைஞ்சு போச்சு" என்றேன்.

முப்பத்தொரு வருடத்தில் நான் தொலைத்த முதல் சாவி. அவன் என்னைப் பார்த்தான். என் கழுத்துச் சங்கிலியில் சாவி தொங்குவதையும் பார்த்தான். "தொலைஞ்சதுன்னா தொலைஞ்சே இருக்கட்டும், லீலியா காசிமிரவ்னா" என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு பன் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். இவ்வளவு நிம்மதியாக அவன் நடந்து போய் நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்தது. வாசலில் பாட்டு, உள்ளே பன் கடை, எல்லாம் எப்போதும் போல. வரிசை மட்டும் எப்போதும் போல இல்லை. சந்தைக் கூட்டம் மாதிரி முண்டாமல், ஒரு சத்தம் இல்லாமல், மாற்றம் கேட்பவர்களின் அடையாளமாகக் கையில் வெள்ளைப் பட்டி கட்டிக்கொண்டு கோழிப் பண்ணைத் தெரு வரை நின்றார்கள். மதியம் போன்கள் எல்லாம் செத்தன. ஆளாளுக்கு உதறிப் பார்த்தார்கள், பெட்டிக்கடைச் சுவரில் தட்டிப் பார்த்தார்கள். அதை யார் செய்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

எட்டு மணிக்குக் கதவைச் சாத்திப் பெட்டியைக் கவிழ்த்தோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. ஜனாதிபதியை எதிர்த்து நின்ற அந்தப் பெண்ணுக்குப் போட்டவர்கள் சீட்டை விசிறி மாதிரி மடித்துப் போடுவது என்று ஊரில் பேசிவைத்திருந்தார்கள். மேஜை முழுக்க விசிறி. ஸ்தாசியா ஒன்றை எடுத்து முகத்துக்கு வீசிக்கொண்டு, "இம்புட்டுக் காத்து இந்த ஸ்கூல்ல அடிச்சதே இல்ல" என்றாள்.

எண்ணினோம், இக்னாத். உண்மையாக எண்ணினோம். முதல் கட்டை லியோன்யா விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு எண்ணினான். இருபது வருடமாக அவன் இந்தக் குழுவில் இருக்கிறான், எண்ணுவது இதுதான் முதல் முறை. மொத்தம் 861. அந்தப் பெண் 574. ஜனாதிபதி 203. மற்ற மூவரும் சேர்த்து 29. யாரும் வேண்டாம் என்றவர்கள் 41. செல்லாதவை 14.

 பிறகு லியோன்யா, "இப்ப என்ன பண்றது?" என்றான்.

"எழுதறது."

"எந்த எண்ணை?"

"எண்ணின எண்ணை. வேற எந்த எண் உனக்குத் தெரியும்?"

நாலு தாளையும் எடுத்து நானே எழுதினேன். ஒன்றைக் கதவில் ஒட்டினோம். வெளியே நின்ற கூட்டம் கை தட்டவில்லை. ஒருவர் வாய்விட்டுப் படித்தார், மற்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். சர்ச்சில் கழற்றுகிற மாதிரி.

அப்போது அலுவலக அறையில் பழைய போன் அடித்தது. மாவட்டத்துக்காரர்.

"எண் சொல்றேன், எழுதிக்கோங்க."

"எழுதியாச்சு. ஒட்டியாச்சு."

"யாரைக் கேட்டு? யாரு கையெழுத்துப் போட்டா?"

"எல்லாரும். நேத்தே போட்டாச்சு. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியேதான்."

அந்தப் பக்கம் போனை அறைந்து வைத்தார். என் வாழ்க்கையில் நான் நடத்திய மிகச் சிறந்த வகுப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

நாற்பது நிமிடத்தில் காரில் வந்து இறங்கினார். கதவுத் தாளைக் கிழித்தார். மேஜையில் இருந்த இரண்டையும் எடுத்துக்கொண்டார். புதுத் தாளை நீட்டி ஏழு பேரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். ஸ்தாசியா, "எனக்குக் கை சுளுக்கிருச்சு, மாவு பிசைஞ்சது" என்றாள். லியோன்யா எழுந்து நின்று, "ஒரு தேர்தலுக்கு ஒரு கையெழுத்துதாங்க. இருபது வருஷப் பழக்கம், மாத்திக்க முடியல" என்றான். ஏழு பேரில் ஒருவர்கூடப் போடவில்லை. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. என் ஆட்கள், இக்னாத். ஒப்பந்தம் முடிய மூன்று வாரம் இருக்கும் என் ஆட்கள்.

மாவட்டத்தில் அவர்களே ஏழு கையெழுத்தையும் போட்டுக்கொண்டார்களாம். ஸ்தாசியாவுக்கு இவ்வளவு அழகான கையெழுத்து பிறந்ததிலிருந்து வந்ததில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

கதவில் அந்தத் தாள் இருந்தது நாற்பது நிமிடம். நூறு பேராவது படம் எடுத்திருப்பார்கள். ஒருவராலும் எங்கும் அனுப்ப முடியவில்லை. மூன்று நாளாக அந்தப் படங்கள் அவரவர் பைக்குள்ளேயே கிடந்தன. இதற்குள் நாலு வீட்டுக்குப் போலீஸ் போய்ப் போனை வாங்கி அழித்துவிட்டார்கள். மற்றவர்கள் பயந்து தாங்களே அழித்துவிட்டார்கள். அந்த நாற்பது நிமிடத்தை மூடியது உன் கை என்று நேற்று உன் கடிதத்தில் படித்தேன். ஒரு நாள் முழுக்க உனக்குப் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். பிறகு 2015 ஞாபகம் வந்தது. ரெகினா பேனாவை வைத்துக்கொண்டு, "எண் இல்லாம எப்படிம்மா?" என்று கேட்டாள். "நீ ஒண்ணும் யோசிக்காத, போடு" என்றேன். உன் மேலாளர் சொன்ன அதே வார்த்தை.

நாலாவது பிரதி உன் நோட்டுப் புத்தகத்துக்குள் இருந்தது. அதனால் அவர் கையில் சிக்கவில்லை. தேன் கேக் டப்பாவோடு அதையும் ஸ்த்யோபாவிடம் தருகிறேன். நோட்டைத் திறந்து பார். உன் மூன்று நாளுக்குக் கீழே வெள்ளி 48, சனி 61 என்று சிவப்பு மையில் இருப்பது என் எண். ஜன்னல் வழியாக எண்ணினேன். முன்கூட்டி போட்டவர்கள் 241. பெட்டியிலும் அதே 241. உன் கணக்கில் ஒன்றுகூடத் தப்பில்லை.

தாளை என்ன செய்வது என்று உனக்கே தெரியும். அதில் ஏழு பேர் பெயர் இருக்கிறது. ஏழு பேரையும் கேட்டுவிட்டேன். லியோன்யா, "எம் பேரு தெளிவாத் தெரியற மாதிரி படம் எடுக்கச் சொல்லுங்க" என்றான்.

லீ. கா.


மின்ஸ்க்
17 ஆகஸ்ட், திங்கள்

லீலியா காசிமிரவ்னாவுக்கு,

தாள் கிடைத்தது. கேக்கும். கேக்கை நின்றுகொண்டே பாதி தின்றேன். ருசி தெரிந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், மே மாதத்துக்குப் பிறகு ஒன்றின் ருசி தெரிந்தது இதுதான் முதல் முறை.

புதன்கிழமை காலை இணையம் திரும்பிவிட்டது. வியாழன் மதியம் தாளைப் படம் எடுத்தேன். லியோன்யாவின் பெயர் தெளிவாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். நாடு முழுக்க முடிவுத் தாள்களைச் சேர்த்து இணையத்தில் போடுகிறவர்களுக்கு அனுப்பினேன். அனுப்பியது நான்தான் என்று பெயரையும் போட்டேன். மாலைக்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

நேற்று ஞாயிறு, ஊர்வலம். நான் போகும் எண்ணத்தில் இல்லை, ரொட்டி வாங்கத்தான் இறங்கினேன். ஆள் வெள்ளம். அதில் ஒரு அம்மாள், ஐம்பது வயதிருக்கும், அட்டைப் பெட்டியைக் கிழித்து எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு போனார். அதில் வேறு ஒன்றும் இல்லை. "ஸரேச்சா 574 – 203". நான் நின்றுவிட்டேன்.

"இது எங்க இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாதுப்பா. எங்கயோ ஒரு ஸ்கூலாம். அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் சரியா எண்ணிட்டாங்களாம்."

"அவங்க என் மாமியார்."

"அட போப்பா. காலைலேருந்து ரெண்டு பேரு இதே கதை சொல்லியாச்சு."

அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். அதில் உங்கள் பெயர் எங்கே இருக்கப் போகிறது? காட்டின பிறகுதான் உறைத்தது. அந்த அம்மாளுக்கும் உறைத்தது. இரண்டு பேரும் சிரித்தோம். நான் சிரித்தது எனக்கே கேட்டது. "சரி, மாமியார்னே வெச்சுக்கோ, இந்தா பிடி, கை வலிக்குது" என்று பலகையை என்னிடம் கொடுத்துவிட்டார். மூன்று கிலோமீட்டர் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் ஆட்கள் ஸரேச்சா, ஸரேச்சா என்று கூப்பிட்டார்கள். நான் கையை ஆட்டினேன், ஊருக்கே சொந்தக்காரன் மாதிரி.

நாலு வருடத்தில் என் மாமியார் இன்னார் என்று யாரிடமும் நான் பெருமையாகச் சொன்னதில்லை. நேற்று எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எண்ணவில்லை. எண்ண மறந்துவிட்டேன்.

ரெகினா இருந்திருந்தால் தாளைக் கையில் வாங்கி, கூட்டிப் பார்த்து, 861 வருகிறதா என்று மூன்று முறை சரிபார்த்துவிட்டுத்தான் பேசியிருப்பாள். அவளுக்காக நான் கூட்டினேன். மூன்று முறை. வருகிறது.

வாசலில் அன்றைக்கு நான் பேசாமல் எழுந்து போயிருக்கக் கூடாது. உங்கள் கையைப் பிடித்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

இக்னாத்


ஸரேச்சா
2 செப்டம்பர், புதன்

இக்னாத்,

என் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. கடிதம் ஆகஸ்ட் 31 மாலை வந்தது. பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், என் இடத்தில் இன்னொருவரைத் தேடக்கூட அவர்களுக்கு நேரமில்லை. லியோன்யாவுக்கும் இல்லை. அவன் அண்ணனோடு சேர்ந்து அடுப்பு கட்டும் வேலைக்குப் போகிறான். "டீச்சர், உங்க அடுப்பு புகையுதுன்னு சொன்னீங்களே, முதல் வேலை உங்க வீடுதான்" என்கிறான். மற்ற ஐந்து பேரை வேலையில் விட்டுவைத்தார்கள். ஊரில் வேறு சமையல்காரி கிடையாது என்பதால் ஸ்தாசியாவைத் தொட முடியவில்லை. அவள் அதைத் தினமும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நேற்று செப்டம்பர் ஒன்று. முப்பத்தொரு வருடத்தில் முதல் முறையாக அன்றைக்கு நான் வீட்டில் இருந்தேன். வாசல் பக்கமே பார்க்கக் கூடாது என்று உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தலையில் பெரிய வெள்ளை ரிப்பன், கையில் அவளை விட உயரமான கிளாடியோலஸ் பூங்கொத்து. பின்னால் அவள் அம்மா. அவர்களுக்குப் பின்னால் தெரு முழுக்க. ஆசிரியருக்குக் கொடுக்க வேண்டிய பூவைப் பள்ளிக்குக் கொண்டுபோகும் வழியில் எனக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பள்ளிக்குப் போனார்கள். வாளி போதவில்லை. துணி ஊறவைக்கும் தொட்டியிலும் வைத்தேன். குளிக்க இடமில்லை.

உன் ஸ்டூலை மடித்தானே, அந்தப் போலீஸ்காரப் பையன், அவனும் வந்தான். சீருடை இல்லாமல். வேலையை விட்டுவிட்டானாம். பூவை நீட்டிவிட்டு, "அண்ணனைக் கேட்டேன்னு சொல்லுங்க" என்றான்.

பாதிப் பூவை ரெகினாவிடம் கொண்டுபோய் வைத்தேன். என்ன நடந்தது என்று சொன்னேன். நீ பலகை தூக்கியதையும் சொன்னேன்.

எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் வெட்கம் இல்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்று ஐம்பத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன்.

இப்போது ஒரு கேள்வி. ஒவ்வொரு ஞாயிறும் ஊர்வல நேரத்தில் மின்ஸ்கில் கைபேசி இணையம் நின்றுவிடுகிறது என்று ஸ்த்யோபா சொல்கிறான். நீயா? திட்டுவதற்காகக் கேட்கவில்லை. திட்டும் தகுதி எனக்கு இல்லை. தெரிந்துகொள்ளத்தான்.

லீ. கா.


மின்ஸ்க்
6 செப்டம்பர், ஞாயிறு, மதியம் 12.10

அம்மா,

இப்படிக் கூப்பிடலாம் என்று ரெகினா நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் வரவில்லை. இப்போது வருகிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: போன இரண்டு ஞாயிறும் நான் இல்லை, முறை என்னுடையது இல்லை. ஆனால் அன்றைக்கு முறை இருந்த பையன் கூப்பிட்டு, "எந்த வரிசைல அடிக்கணும்?" என்று கேட்டபோது சொல்லிக்கொடுத்தேன். அதனால் ஆமாம், நான்தான்.

இன்றைக்கு முறை என்னுடையது. 12.25 வாக்கில் கூப்பிடுவார்கள்.

நேற்று அலுவலகத்தில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முதலில் கீழே கையெழுத்துப் போட்டேன். பிறகு மேலே எழுதினேன்: இணையத்தை மூடும் கட்டளையை இனி நான் அடிக்க மாட்டேன், யாருக்கும் சொல்லித்தரவும் மாட்டேன். மேலாளர் படித்துவிட்டு, "நீ இல்லேன்னா இன்னொருத்தன் அடிக்கப் போறான், இக்னாத். என்ன மாறப் போகுது?" என்றார். "அது அவன் கை" என்றேன். "நான் இதைப் பாக்கல. நாளைக்குப் போன் பண்ணுவேன், நீ எடுப்ப" என்று சொல்லித் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்தப் போனை மே 12க்குப் பிறகு நான் ஒரு விநாடிகூட அணைத்ததில்லை. மருத்துவமனையில் அன்றைக்கு, "சாமான் கிடைச்சா கூப்பிடறோம்" என்றார்கள். சார்ஜர் கிடைத்தது என்று யாராவது கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். குளிக்கும்போதுகூடக் கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பேன். இப்போது ஒரு முறை அந்தப் பதினாலு விநாடியைக் கேட்டேன். "அம்மாகிட்ட எதுவும் சொல்லாத" என்கிறாள். சொல்லிவிட்டேன், ரெகினா, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஸ்த்யோபா கீழே ஹாரன் அடிக்கிறான், இதை அவனிடம் கொடுத்துவிட்டு நான் ஊர்வலத்துக்குப் போகிறேன். அந்த அட்டைப் பலகை என் வீட்டில்தான் இருக்கிறது, ஓரம் நைந்துவிட்டது, டேப் ஒட்டியிருக்கிறேன். எல்லாம் சரியாகப் போனால் நாளைக் காலை முதல் வண்டியில் ஸரேச்சா வருகிறேன். லியோன்யா அடுப்புக் கட்ட வந்தால் செங்கல் எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கிறான் என்று சொல்லுங்கள். ஸ்டூலையும் கொண்டுவருகிறேன். இந்த முறை உங்கள் வீட்டு வாசலில் போடுவேன்.

கூப்பிட்டால் கிடைக்க மாட்டேன், பயப்படாதீர்கள். மணி 12.19. போனை அணைத்துவிட்டேன்.

இக்னாத்